துளையிட்ட சுவர்



திருத்தணியில் வாழும் உங்களுக்கு விமானச் சத்தத்தைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அரக்கோணத்து ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம் நமக்குச் சுமார் 15 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. 1992இல் அது தொடங்கப்பட்ட நாள்முதல் கால் நூற்றாண்டுக் காலம் டுப்போலெவ் 142 என்னும் சோவியத் நாட்டு விமானங்கள் அங்கிருந்து பறந்தன. நான் முதன்முறை இச்சபையில் ஊழியம் செய்தபோது, ஆராதனை நடுவே அந்த விமானம் கடந்தால் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். உங்களில் சிலருக்குப் பிரசங்கத்தைவிட அந்த இடைவேளையே பிடித்திருந்தது என்பதும் எனக்குத் தெரியும்!

அந்த விமானத்தில் நான்கு எஞ்சின்கள். ஒவ்வொன்றும் முன்னும் பின்னுமாக, எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு சுழல்விசிறிகளை இயக்கும். அவை திறந்த வெளியில் சுழன்றன. சுற்றிலும் கூடு கிடையாது. ஆகவே எழுந்த ஓசை முழுவதும் தடையின்றி ஊரின்மேல் விழுந்தது. 2017 மார்ச் 29ஆம் நாள் அவை ஓய்வு பெற்றன. அவற்றின் பணியை ஏற்ற பி-8ஐ, போயிங் 737ஐ அடிப்படையாகக் கொண்டது. அதன் விசிறி ஒரு கூட்டுக்குள் சுழல்கிறது.

அந்தக் கூட்டைப் பற்றி விமானப் பராமரிப்புப் படித்த நம் சபை இளைஞர் ஒருவர் எனக்கு விளக்கினார். இத்தகைய எஞ்சினின் வாய்ப்பகுதிச் சுவரை அருகில் சென்று பார்த்தால் ஆயிரக்கணக்கான சிறு துளைகள் தெரியுமாம். துளையிட்ட அந்தத் தகட்டுக்குப் பின்னே தேனடை போன்ற சிற்றறைகள். அவற்றுக்குப் பின்னே கெட்டியான தகடு. ஓசை துளைவழியே அறைக்குள் புகுகிறது. துளையிலுள்ள காற்று முன்னும் பின்னும் அசைந்து, உராய்ந்து, ஓசையின் ஆற்றல் வெப்பமாகி அடங்குகிறது. வெற்றுப் புட்டியின் வாயில் ஊதினால் ஒரு சுருதி எழும் அல்லவா? அந்த அறைகளும் அவ்வண்ணமே. ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒரு சுருதி உண்டு. துளையில்லாத தகடாயிருந்தால் ஓசையைத் திருப்பியே அனுப்பியிருக்கும்.

இதைக் கேட்ட இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். நம் சபைத் தாயார் ஒருவர், அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன், ஒரே மகனைச் சாலை விபத்தில் இழந்தவர். அடக்க ஆராதனை முடிந்த மூன்றாம் வாரம் ஆயர் இல்லத்துத் திண்ணையில் வந்து நின்று, தேவனையும் என்னையும் சேர்த்தே உரத்த குரலில் கேள்வி கேட்டார். கோபம் வந்தால் தெலுங்கில்தான் பேசுவார். அவர் கேட்டு முடிக்குமுன்னே நான் பதில் சொல்லத் தொடங்கினேன். உயிர்த்தெழுதலைச் சொன்னேன், யோபுவைச் சொன்னேன். எதுவும் பொய்யன்று. ஆனால் அவர் குரல் உயர உயர என் குரலும் உயர்ந்தது. “உங்ககிட்ட வந்தது என் தப்புங்க ஐயா” என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் அவர் ஆலயத்துக்கு வரவில்லை. இறையியல் கல்லூரியில் பெற்ற பட்டம் அன்று எனக்கு உதவவில்லை. என்னை இன்னும் கெட்டித் தகடாக்கிற்று என்றுகூடச் சொல்லலாம்.

அந்த இளைஞரிடம் மறுபடியும் பேசினேன். அறை வைத்துவிட்டால் எல்லா ஓசையும் அடங்கிவிடுமோ என்றேன். இல்லை என்றார். அறையின் ஆழத்துக்கேற்ற சுருதியையே அது நன்றாக வாங்கும். தாழ்ந்த சுருதிக்கு ஆழமான அறை வேண்டும். இக்கால எஞ்சின்களில் விசிறி பெரிதாகி, மெதுவாகச் சுழன்று, ஓசையும் தாழ்ந்திருக்கிறது. கூடோ எடைக்கு அஞ்சி மெலிந்துகொண்டே வருகிறது. ஆழத்துக்கு இடம் எங்கே? 2021இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தார், ஒரு கன மீட்டர் வெறும் 2.1 கிலோ எடையுள்ள கிராஃபீன் கலந்த நுரைப்பொருள் ஒன்றைத் தேனடை அறைகளுக்குள் நிரப்பிச் சோதித்தனர். எஞ்சின் ஓசையை 16 டெசிபல் வரை குறைக்கலாம் என்பது அவர்களது கணிப்பு. அதாவது ஒலியின் ஆற்றல் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்காகும். அந்தப் பொருளிலும் பெரும்பகுதி காற்றுதான்.

சென்ற மாதம் அத்தாயாரின் வீட்டுக்குப் போனேன். வேதாகமத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை. “அன்று நீங்கள் சொல்ல வந்ததை நான் கேட்கவில்லை அம்மா” என்று மட்டும் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு தெலுங்கும் தமிழுமாகப் பேசத் தொடங்கினார். மகனுடைய கைப்பேசிக்கு இன்றும் மின்னேற்றம் செய்து வைத்திருக்கிறார். இரண்டு இடங்களில் எனக்குப் பதில் நாவின் நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

நடுவே ரேணிகுண்டா நோக்கிச் செல்லும் சரக்கு ரயில் ஒன்று கடந்தது. அது போகும்வரை இருவரும் காத்திருந்தோம். பிறகு அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.