மாரியில் மன்னாருக்கு ஒரு பயணம்

வடக்கிலும் கிழக்கிலும் பயணம் செய்யாத பெண் என்று எவரும் இல்லை. ஒரு பையும் கைக்குழந்தையுமாக இரவோடிரவாக நடந்தோம். வள்ளத்தில் கடந்தோம். உழவு இயந்திரப் பெட்டியில் சட்டிபானைகளுக்கு மேல் இருந்து போனோம். ஆனால் ஓர் ஊரைப் பார்த்து வருவதற்கென்றே, திரும்பி வரும் நாளையும் தெரிந்துகொண்டு புறப்பட்டவர்கள் எம்மில் எத்தனை பேர்? அப்படிப் போக விரும்பும் சகோதரிகளுக்கு மன்னாரைச் சொல்லலாம். கார்த்திகை மழை ஓய்ந்த பின், மார்கழி நடுப்பகுதி தொடக்கம் மாசி வரையான நாட்களே அதற்கு ஏற்றவை. மற்றைய மாதங்களில் மன்னார் வெயிலை மன்னார்க்காரரால்தான் தாங்க முடியும்.

இந்த நாட்களில் மன்னாருக்கு முதலில் வரும் விருந்தாளிகள் பறவைகள். வட ஆசியாவில் குளிர் தொடங்கியதும் வாத்துகளும் உள்ளான்களும் ஆயிரக்கணக்கான மைல்கள் பறந்து தெற்கே வருகின்றன. இலங்கைக்குத் தெற்கே அவை தங்குவதற்குத் தரை இல்லை. ஆகவே எமது களப்புகளே பலவற்றுக்குக் கடைசித் தரிப்பிடம். மன்னார் தீவுப் பாலத்தை அடைய முன்னர், பிரதான வீதியின் இரு மருங்கிலும் தெரியும் சதுப்பு வெளிதான் வங்காலைப் பறவைகள் சரணாலயம். 2008 இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010 இல் ராம்சார் சாசனத்தின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பூநாரைகளைப் பார்க்கவே பலர் வருகிறார்கள். கணுக்கால் அளவு தண்ணீரில், நீண்ட கால்களில் நின்று, தலையைக் கீழே கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றுத் தண்ணீரை வடிகட்டி உண்ணும். நாம் அரிசி அரிக்கிற மாதிரித்தான். அதன் இளஞ்சிவப்பு நிறம் பிறப்பில் வந்ததல்ல. உண்ணும் பாசியிலும் சிறு இறால் வகைகளிலும் இருந்து வருவது. குஞ்சுகள் சாம்பல் நிறமாகவே இருக்கும். விடியற்காலையும் பின்னேரமும் பார்ப்பது நல்லது. படம் எடுப்பதற்காகக் கல்லெறிந்து பறக்க வைப்பவர்களும் உண்டு. பிள்ளைகளை அதற்கு விடாதீர்கள். இரை தேட வந்த சீவனைத் துரத்துவது என்ன விளையாட்டு?

ஒரு நடைமுறை விடயத்தையும் சொல்ல வேண்டும். அந்த இடம் வெட்டவெளி. பெண்கள் ஒதுங்குவதற்கு மறைவில்லை. மன்னார் நகரிலேயே தேவைகளை முடித்துக்கொண்டு போவது நல்லது.

நகருக்கு அருகே பள்ளிமுனையில் ஒரு பெருக்க மரம் நிற்கிறது. அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கும் அதிகம். எழுநூறு வயது என்கிறார்கள். அராபிய வணிகர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டு வந்ததாகக் கருதப்படுகிறது. வீதியில் திரியும் மன்னார்க் கழுதைகளையும் அவர்களே கொண்டு வந்தார்களாம். பிள்ளைகளுக்கு மரத்தை விடக் கழுதைதான் பிடிக்கும்.

தலைமன்னார் இறங்குதுறைக்குப் போகாமல் திரும்பக் கூடாது. 1914 முதல் இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலில்தான், சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகக் குடும்பங்கள் பல ஏற்றி அனுப்பப்பட்டன. போர் தொடங்கிய பின் கப்பல் இல்லை. இரவில் படகுகள்தான் போயின. அந்தக் கரையில் நின்று கடலைப் பார்க்கும்போது சிலருக்கு மனம் கனக்கும். கூடப் போகிறவர்கள் அவசரப்படுத்தாமல் சற்று நேரம் விடுங்கள்.

மடுவும் அப்படித்தான். 1990 முதல் பல ஆண்டுகள் அந்த வளாகத்தில் தறப்பாள் கொட்டிலில் வாழ்ந்தவர்கள் எமது வாசகியரிலும் இருப்பார்கள். 1999 நவம்பரில் அங்கு ஷெல் விழுந்து, தஞ்சம் புகுந்திருந்த பலர் இறந்தனர். பெருவிழா ஆகஸ்ட் 15 இல் என்பதால் மாரியில் கூட்டம் குறைவு. மெழுகுதிரி ஏற்றிவிட்டு அமைதியாக இருந்து வரலாம். மகா சிவராத்திரியை ஒட்டிப் போகிறவர்கள் திருக்கேதீஸ்வரத்தில் பாலாவித் தீர்த்தத்தை அள்ளி வந்து, தம் கையாலேயே சிவலிங்கத்துக்கு வார்க்கலாம். அன்று சன நெரிசல் கடுமையாக இருக்கும்; தங்குவதற்கு முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள்.

தீவின் தென்கரையில் பெரிய காற்றாலைகள் வரிசையாகச் சுழல்வதைக் காண்பீர்கள். 2020 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்ட தம்பபவனி மின் நிலையத்தில் 30 காற்றாடிகள் உள்ளன. மேலும் காற்றாலைகள் அமைப்பதையும் கனிய மணல் அகழ்வதையும் எதிர்த்து 2025 இல் ஊர்மக்கள் தெருவில் இறங்கினார்கள். பறவைகளின் பாதையும் மீனவரின் கரையும் என்னவாகும் என்பதே அவர்களின் கேள்வி. பார்க்கப் போகிறவர்கள் அதையும் கேட்டறிந்து வர வேண்டும்.

மன்னாருக்கு வரும் வாகனங்கள் பல, சோற்றுப் பார்சலையும் தண்ணீர்ப் போத்தலையும் ஊரிலிருந்தே கொண்டு வந்து, குப்பையை மட்டும் இங்கே இறக்கிவிட்டுப் போகின்றன. இதனால் மன்னார்ப் பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது? நாங்கள் போனால் அப்படிப் போகக் கூடாது. காலையில் இடியப்பமும் சொதியும் அவித்து விற்கும் அக்காவிடம் வாங்குங்கள். மத்தியானம் நண்டுக் கறியோடு சோறு சமைத்துத் தரக்கூடிய வீடுகளை மாதர் சங்கங்களிடம் விசாரியுங்கள். பனையோலைப் பெட்டி, சுளகு, கருவாடு எல்லாம் செய்தவர் கையிலிருந்தே வாங்கலாம். பேரம் பேசுகிறவர்கள், ஒரு பெட்டி இழைக்க எத்தனை மணித்தியாலம் சென்றது என்று முதலில் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

வவுனியாவிலிருந்து பஸ் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வருவோர் சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி வழியாக வரலாம். போரால் 1990 இல் நின்ற புகையிரதம் 2015 இல் மீண்டும் தலைமன்னாரை எட்டியது. மாரி வெள்ளத்தில் தண்டவாளம் சேதமடைவதுண்டு; நிலையத்தில் விசாரித்துவிட்டே புறப்படுங்கள். செலவுக்கு நுண்கடன் எடுக்க வேண்டாம். ஐந்தாறு பேர் ஆடியிலேயே சீட்டுப் பிடிக்கத் தொடங்கினால் தைக்குள் காசு சேர்ந்துவிடும். தையில் போனால் இன்னுமொரு நன்மை: பனங்கிழங்கு கிண்டும் காலம் அது. அவித்தது ஒரு கட்டு வாங்கினால் திரும்பும் வழி முழுதும் உரித்து உரித்துச் சாப்பிடலாம்.