இரண்டாம் கட்டளையைத் தேடி

"ரெண்டாம் கட்டளையையே எடுத்துட்டாங்கல்லா, பிறகு என்ன பயம்?" என்பார் பெரியப்பா. அப்பா வழியில் நாங்கள் சி.எஸ்.ஐ.; அம்மாவைப் பெற்ற ஆச்சி ஆர்.சி. ஆச்சியிடம் பெரியப்பாவுக்கு மரியாதை உண்டு. அவள் மாதா கெபியில் மெழுகுவத்தி ஏற்றுவதைத்தான் பொறுக்க முடியாது. சுரூபம் கும்பிடுவதற்கு இடைஞ்சலாக இருந்த கட்டளையைக் கத்தோலிக்கர் உருவிவிட்டார்கள், பத்து குறையாமலிருக்கக் கடைசிக் கட்டளையை இரண்டாக வெட்டிக்கொண்டார்கள் என்பது அவர் கட்சி. ஞாயிறு பள்ளியில் நாங்கள் கேட்டு வளர்ந்ததும் அதுவே. ஆச்சி போன பிறகும் அந்தப் பேச்சு எனக்குள் அறுத்துக்கொண்டிருந்தது. விடியுமுன் எழுந்து முழங்காலில் நிற்கிறவள், வேதத்தைத் திருத்திய கூட்டத்தில் ஒருத்தியா?

ஆச்சியின் பழைய ஞானோபதேசப் புத்தகத்தையும் எங்கள் சபையின் வினாவிடைப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விபசாரம் எங்களுக்கு ஏழாவது, ஆச்சிக்கு ஆறாவது. பிறன் மனைவியை இச்சிப்பது அவளுக்கு ஒன்பது, பிறன் பொருளை இச்சிப்பது பத்து. எங்களுக்கு அவை இரண்டும் சேர்ந்து பத்து. பெரியப்பா சொன்ன வெட்டு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கத்தோலிக்க வேதாகமத்தைத் திறந்தால் விடுதலைப் பயணம் 20ஆம் அதிகாரத்தில், நாங்கள் யாத்திராகமம் என்று படிக்கிற அதே இடத்தில், சிலை செய்யாதே என்ற வசனம் ஓர் எழுத்துக் குறையாமல் நிற்கிறது. மறைக்க நினைத்தவர்கள் அங்கே அல்லவா கை வைத்திருப்பார்கள்?

வேதத்தில் கட்டளைகள் பத்து என்று இருக்கிறது. எது எத்தனையாவது என்ற எண் இல்லை. எகிப்திலிருந்து உன்னைக் கொண்டுவந்தவர் நானே என்ற அறிவிப்பை யூதர்கள் முதலாவதாக வைக்கிறார்கள். வேறு தெய்வம் கூடாது என்பதும் சிலை கூடாது என்பதும் சேர்ந்து அவர்களுக்கு இரண்டாவது. ஐந்தாம் நூற்றாண்டில் மறைந்த அகுஸ்தீன், கடவுளுக்குரியவை மூன்று, மனிதருக்குரியவை ஏழு என்று பிரித்தார். ரோமைச் சபை அந்த வழியில் போனது. மார்ட்டின் லுத்தரும் அதே வழியில்தான் போனார் என்பதைக் கண்டபோது நான் துள்ளிவிட்டேன். 1529இல் அவர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் சிலைக்கென்று தனிக் கட்டளை கிடையாது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தமிழுக்குக் கொண்டுவந்ததும் அந்த ஞானோபதேசத்தையே. அப்படியானால் தமிழ்நாட்டின் முதல் சீர்திருத்தச் சபையார் மனப்பாடம் செய்ததும் ஆச்சியின் வரிசைதான்!

பெரியப்பாவிடம் ஓடினேன். அவர் முகத்தில் சலனமே இல்லை.

"லுத்தரன் சபையில ஆல்டர் மேல சிலுவையில ஏசு உருவம் இருக்கு பெரியப்பா."

"இருக்கட்டும். கும்பிடுதாங்களா? வச்சிருக்கது வேற, கும்பிடுதது வேற."

சொல்லிவிட்டு இரண்டாம் இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தை விரித்தார். வனாந்தரத்தில் பாம்பு கடித்தவர்கள் பிழைக்க வேண்டும் என்று கர்த்தரே செய்யச் சொன்ன வெண்கலச் சர்ப்பம். மோசே தன் கையால் செய்தது. நூற்றாண்டுகள் கழித்து ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கினார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார்.

"ஒங்க ஆச்சி சாம்பிராணி போட்டாளா இல்லியா?"

போட்டாள். கட்டளைகளின் எண்ணிக்கையைத் துருவி நான் சேர்த்த எதுவும் இதற்குப் பதில் சொல்லவில்லை. பெரியப்பாவின் பழைய குற்றச்சாட்டு விழுந்துவிட்டது. ஆனால் அதற்கடியில் அதைவிட உறுதியான கேள்வி இருந்தது.

அதற்கான பதிலைத் தேடித்தான் தமஸ்கு நகர யோவானிடம் போனேன். எட்டாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் மூன்றாம் லியோ திருவுருவங்களுக்கு எதிராகக் கிளம்பியபோது, பேரரசரின் கை எட்டாத இஸ்லாமிய ஆட்சிப் பகுதியில், எருசலேமுக்கு அருகே மார் சாபா மடத்தில் இருந்தபடி மறுத்து எழுதியவர். அவர் வாதம் சிலையிலிருந்து தொடங்கவில்லை. ஓரேபிலே நீங்கள் எந்த உருவத்தையும் காணவில்லை என்பதுதானே உபாகமம் தடைக்குச் சொல்லும் காரணம்? உருவமற்றவரை வரைய முடியாது, சரி. ஆனால் அவர் மாம்சத்தில் வந்து மனிதர் நடுவே நடமாடினார் என்று நம்புகிறவன், காணப்பட்டவரை ஏன் வரையக்கூடாது? 787இல் நீசேயாவில் இரண்டாம் முறையாகக் கூடிய பொதுச்சங்கம் உருவங்களை மீண்டும் ஏற்றது. உருவத்துக்கு மரியாதை, ஆராதனை கடவுளுக்கு மட்டும் என்றும் வரையறுத்தது.

இதைப் படித்ததும் கெபியும் மெழுகுவத்தியும் எனக்குப் பின்னுக்குப் போய்விட்டன. உண்மையான தகராறு ஒரு மனித உடலைப் பற்றியது. நாசரேத்தூர்த் தச்சனைக் கடவுள் என்று தொழுகிற எங்கள் ஆலயமும், உருவம் இல்லாத எங்கள் ஆல்டரும், ஒரு யூதரின் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

"ஏசு உயிரோட இருக்காரு. சுரூபத்துக்கு மூச்சு உண்டா?" என்றார் பெரியப்பா. மனிதன் கடவுளுக்கு உருவம் செய்வது வேறு, கடவுளே உருவம் எடுத்து வருவது வேறு என்கிறார். இது வலுவான பதில், நானும் இதை நம்புகிறேன். ஆனால் 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் இதற்கு மசியமாட்டார். கிறிஸ்தவர்களை அவர் விக்கிரக ஆராதனைக்காரர்களாகவே வைத்தார். இஸ்லாமியர்களை அப்படி வைக்கவில்லை. யார் கை செய்தது என்பது அவர் கேள்வி அல்ல. கடவுளுக்கு உடல் உண்டு, உருவம் உண்டு என்று சொல்லும் யூதனையே மதத்துரோகி என்று தன் சட்ட நூலில் எழுதினார்.

அந்த இடத்தில் ஒருவர் அவரை மறித்தார். தென் பிரான்சில் வாழ்ந்து 1198இல் மறைந்த ரபி ஆபிரகாம் பென் தாவீது. கடவுளுக்கு உடல் உண்டு என்பதற்காக அவர் வாதாடவில்லை. வேத வசனங்களில் கடவுளின் கை என்றும் கண் என்றும் படித்து அப்படியே நம்பியவர்கள் இருந்திருக்கிறார்கள், அவர்களில் மைமோனிடிஸைவிடப் பெரியவர்களும் நல்லவர்களும் உண்டு, அவர்களை எப்படித் துரோகி என்பது என்று கேட்டார். யோவான் உருவத்துக்காகப் பேசினார்; என் தேடலில் ஆச்சி என்ற ஆளின் பக்கம் நின்று பேசிய முதல் குரல் இது. அதுவும் ஆச்சியின் சபையைச் சேராத, அவள் கும்பிட்டதை ஒருக்காலும் கும்பிட மாட்டாத ஒருவரின் குரல். மைமோனிடிஸின் சட்ட நூலை அச்சிடும்போது அந்த மறுப்பையும் அதே பக்கத்தில், அவர் தீர்ப்பை ஒட்டியே அச்சிடுகிறார்கள்.