மின்காப்பின் முதுமையை விரைவுபடுத்துதல்

காட்டாக்கடையிலும் பாறசாலையிலும் அந்தி விளக்குகள் எரியத் தொடங்கும் வேளையில் கேரளத்தின் மின்தேவை உச்சத்தை நோக்கி ஏறுகிறது. அவ்வேற்றத்தைத் தாங்குவதில் இடுக்கித் திட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1976-இல் இயங்கத் தொடங்கிய மூலமற்றம் நிலத்தடி மின்நிலையத்தில் 130 மெகாவாட் திறனுள்ள ஆறு மின்னாக்கிகள் உள்ளன. தேவை எழும்போது ஓடுவதும் தணியும்போது ஓய்வதும் இத்தகைய நீர்மின் எந்திரங்களின் வழக்கம்.

அவ்வகை எந்திரங்களில் செம்புச் சுருளைப் போர்த்தியிருப்பது அப்பிரகமும் பிசினும் சேர்ந்த காப்பு. ஓடும்போது விரிந்து, நிற்கும்போது சுருங்கும் செம்பு அக்காப்பின் அடுக்குகளை மெல்ல மெல்லப் பிரிக்கிறது. பிரிந்த இடத்தில் காற்று புகுகிறது. மின்புலம் அந்த இடைவெளியில் செறிகிறது. காற்றின் தாங்குதிறனோ காப்பினுடையதைவிட மிகக் குறைவு. அங்கே தெறிக்கும் நுண்பொறிகளைப் 'பகுதி மின்னிறக்கம்' என்கிறார்கள். சாதுவான பெயர்தான். பொறி காப்பை முழுதாகக் கடப்பதில்லை. ஆகவே எந்திரமும் நிற்பதில்லை. ஆனால் ஓசோனும் நைட்ரிக் அமிலமும் பிசினை அரித்துக்கொண்டே இருக்கின்றன. நெடுங்காலம் எதிர்த்து நிற்பது அப்பிரகம் ஒன்றே.

இந்த அரிப்பைக் காண முப்பது ஆண்டுகள் காத்திருக்க முடியாது. ஆய்வகத்தில் மின்னழுத்தத்தை உயர்த்தி, காப்பை விரைவில் சாகவைக்கிறார்கள். அழுத்தம் கூடக் கூட ஆயுள் ஓர் அடுக்கு விதிப்படி குறையும் என்பது கணக்கு. இருமடங்கு அழுத்தத்தில் ஒரு மாதிரி 1,000 மணி நேரம் தாங்கியதாகக் கொள்வோம். அடுக்கெண் 9 எனில் இயல்பான அழுத்தத்தில் அதன் ஆயுள் 5,12,000 மணி, ஏறத்தாழ 58 ஆண்டுகள். அடுக்கெண் 8 எனில் 29 ஆண்டுகள்தாம். அந்த எண்ணோ, சில மாதிரிகளின் சிதறிய மரண நேரங்களுக்கு நடுவே வரைந்த ஒரு கோட்டின் சாய்விலிருந்து பெறப்படுவது!

இதைவிட ஆழமான இடர் வேறொன்று. உயர்ந்த அழுத்தம் மின்னிறக்கத்தை மட்டுமே விரைவுபடுத்துகிறது. அன்றாடச் சூட்டையும் குளிர்ச்சியையும் அது தொடுவதே இல்லை. அடுக்குப் பிரியாத புதிய கம்பி அச்சோதனையில் எளிதாக வென்றுவிடலாம். ஆகவேதான் வெப்பச் சுழற்சிச் சோதனை தனியே நடத்தப்படுகிறது: கம்பியை நூற்றுக்கணக்கான முறை சூடாக்கிக் குளிர்வித்து, இடையிடையே மின்னிறக்கத்தை அளக்கிறார்கள். அப்படி நொந்த கம்பியையே அழுத்தச் சோதனைக்கும் அனுப்பினால், கிடைக்கும் எண் சிறியதாக இருக்கலாம். ஆனால் அந்திதோறும் எழுந்து ஓடும் எந்திரத்துக்கு அதுவே பொருந்தும்.