நைனா கேட்ட கதை

எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்புகள் கீழ்நோக்கி இறங்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆறு, ஏழு, எட்டு என்று ஏறிக்கொண்டிருக்க, பிரெஞ்சில் படித்த நாங்கள் ஆறு, ஐந்து, நான்கு என்று இறங்கிக்கொண்டிருப்போம். கடைசி மூன்று ஆண்டுகள் செகோந்த், பிரெமியேர், தெர்மினால். அதன் முடிவில் பக்கலோரெயா பரீட்சை. "இன்னும் ரெண்டாவதுதான் படிக்கிறானா உம் பையன்?" என்று கேட்ட உறவுக்காரர்களுக்கு விளக்கம் சொல்லியே அம்மா சலித்துப்போனார்.

செகோந்தில்தான் இலக்கியம் நிஜமாகத் தொடங்கியது. லகார்து, மிஷார் என்ற இருவர் தொகுத்த கனத்த புத்தகங்கள், நூற்றாண்டுக்கு ஒன்று. அதிலிருந்து இருபது, முப்பது வரிகளை எடுத்துக்கொண்டு விளக்க வேண்டும். முதலில் உரக்கப் படிக்க வேண்டும். நாடகச் செய்யுளில் வரிக்குப் பன்னிரண்டு அசை, ஆறாவதுக்குப் பின் ஒரு நிறுத்தம். நம் நேரசை, நிரையசைக் கணக்கு இதற்கு உதவாது. பிறகு, இந்தப் பகுதி கதையில் எங்கே வருகிறது, எத்தனை பிரிவாகப் பிரியும், இந்த இடத்தில் இந்தச் சொல் ஏன் என்று வரிவரியாகப் போக வேண்டும். எங்கள் ஆசிரியருக்கு ஒரே விதிதான்: எழுதியிருப்பதைச் சொல், எழுதாததைச் சொல்லாதே.

1967-இல் எங்களுக்கு கொர்னேய் எழுதிய 'லெ சித்' நாடகம் வந்தது. தினமும் இரவில் திண்ணையில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மில்லில் வேலை. பிரெஞ்சில் 'மெர்சி', 'போன்ழூர்' தவிர ஒன்றும் தெரியாது. ராணுவத்தில் சொல்தாவாக இருந்த பெரியப்பாவின் பிடிவாதத்தால்தான் என்னை அந்தப் பள்ளியில் சேர்த்தார்கள். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டவர், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு வாரமா இதையே கத்துறியே, இன்னாதான்டா எழுதியிருக்குது? தமிழ்ல சொல்லு."

சொல்லத் தொடங்கிய பிறகுதான், அதுவரை அந்தக் கதையை நான் யாருக்கும் தமிழில் சொன்னதில்லை என்று உறைத்தது. தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். ஸ்பெயின் நாட்டில் ஒரு கிழவர். இளவரசனுக்கு ஆசானாக ராஜா அவரை நியமிக்கிறார். அந்தப் பொறாமையில் ஒரு பிரபு அவரைக் கன்னத்தில் அறைந்துவிடுகிறான். கிழவர் வாளை உருவுகிறார், கையில் பலமில்லை. மகன் ரொத்ரீகைக் கூப்பிட்டுப் பழி வாங்கச் சொல்கிறார். ரொத்ரீக் காதலிப்பதோ அந்தப் பிரபுவின் மகள் ஷிமேனை. அவன் சண்டை போட்டுப் பிரபுவைக் கொன்றுவிடுகிறான். ஷிமேன் ராஜாவிடம் போய் நியாயம் கேட்கிறாள். கடைசியில், காலம் போகட்டும், கல்யாணம் நடக்கும் என்று ராஜா சொல்லி முடிக்கிறார்.

"அப்பனக் கொன்னவன எப்பிட்றா கட்டிக்குவா?" என்றார் நைனா.

1637-இல் நாடகம் மேடையேறியபோது பிரெஞ்சு அகாதமி எழுப்பிய ஆட்சேபணையில் இதுவும் ஒன்று என்று புத்தகத்தில் போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கெழவன் தப்பு. ஒரு அறைக்குப் புள்ள வாழ்க்கைய வெக்கலாமா? என்னையும்தான் ஒருத்தன் அறைஞ்சான், மில்லுல, எல்லாரும் பாக்க. நீ அப்போ கைக்கொழந்த. நான் வூட்டுக்கு வந்து கஞ்சி குடிச்சிட்டுப் படுத்தேன். மறுநாள் சங்கு ஊதுனதும் போனேன்."

யார், எதற்கு என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியாது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் கட்டுரை. ரொத்ரீகின் வீரத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். வழக்கம்போல் மூன்று பகுதி: ஒரு கருத்து, அதன் மறுப்பு, இரண்டையும் சேர்த்த முடிவு. மூன்றாம் பகுதியில், வாளை எடுப்பவனுக்கு மேடை இருக்கிறது, அறையை வாங்கிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகிறவனுக்கு மேடை இல்லை, ஆனால் அதற்கும் வீரம் வேண்டும் என்று எழுதினேன். இருபதுக்கு எட்டு மதிப்பெண் வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் 'ஓர் சுழே', அதாவது எடுத்த பொருளுக்கு வெளியே போய்விட்டாய் என்று.

அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால் ஆசிரியர் செய்தது சரிதான். நான் எழுதியது கொர்னேயின் நாடகத்தில் இல்லை, எங்கள் திண்ணையில் இருந்தது. அவருடைய விதி எனக்குச் சோறும் போட்டது. முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக ஃபைலில் இருப்பதை மட்டும் பார்த்துக் குறிப்பு எழுதினேன். ஆனால் ஒருமுறை மேலதிகாரி ஒருவர் எல்லோர் முன்னாலும் ஃபைலை என் மேல் விட்டெறிந்தபோது, குனிந்து தாள்களைப் பொறுக்கிய அந்த நேரத்தில் ரொத்ரீக் நினைவுக்கு வரவில்லை. நைனாதான் வந்தார். மறுநாள் பத்து மணிக்கு நானும் என் மேசையில் இருந்தேன்.

கட்டுரை திரும்பி வந்த அன்று இரவு நைனா கேட்டார், "அந்தக் கெழவன் கதைக்கு எவ்வளவு போட்டாங்க?"

"பதினாலு, நைனா. வகுப்புலயே அதான் அதிகம்."

"பரவால்லியே" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். அவரிடம் நான் சொன்ன பொய்களில், இந்த ஒன்றுக்காக மட்டும் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.