ஐந்து நிலத்து மலைவழி

ஐந்து நிலம் என்றதும் தமிழருக்குக் குறிஞ்சியும் முல்லையுமே நினைவில் எழும். இத்தாலியின் வடமேற்குக் கரையிலே, லிகூரியாப் பிரதேசத்தில், அதே பொருளுடைய பெயர் தாங்கிய இடமொன்று உண்டு. சிங்க்வே தெர்ரே என்பர். அங்கு அது ஐந்து ஊர்களைக் குறிப்பது. எனினும் குறிஞ்சியும் நெய்தலும் இடையிலே வேறொன்றுமின்றி நேருக்கு நேர் முட்டி நிற்பதை நாம் அங்கேதான் கண்டோம்.

கடலோரத்து மனரோலாவிலிருந்து வொலாஸ்திரா என்னும் மலைச் சிற்றூருக்கு ஏறி, பின் கோர்னீலியாவுக்கு இறங்குவதென்று செப்ரெம்பர் மாதக் காலையொன்றிற் புறப்பட்டோம். புகையிரதத்தில் சென்றால் சில நிமிடப் பயணம்; எம் கால்களுக்கோ அரைநாள் பிடித்தது.

வொலாஸ்திரா கடலுக்கு மேல் 300 மீற்றருக்கும் அதிக உயரத்தில் உள்ளது. ஏறும் வழி முழுவதும் கற்படிகள். ஒரு படி முழங்காலளவு உயரும். அடுத்தது பாதம் பதியவும் போதாது. கூடை சுமந்த உழவர் தம் தேவைக்கு அமைத்த வழியன்றோ! உலாவ வருவோரை அவர்கள் எண்ணியிருக்கவில்லை. பாதி வழியிலே எமது வீறாப்பெல்லாம் கரைந்துபோக, ஒரு சுவரின் நிழலில் அமர்ந்துவிட்டோம்.

அச்சுவரை அப்போதுதான் உற்று நோக்கினோம். சுண்ணாம்போ சீமெந்தோ இல்லை. கல்லின்மேற் கல், பின்புறத்தில் நெருக்கிய சிறு கற்கள், அவ்வளவே. மழைநீர் இடுக்குகளால் வடிந்துவிடும், மண் நின்றுவிடும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக இம்மக்கள் செங்குத்தான மலையை இவ்வாறே அடுக்கடுக்காக்கிக் கொடிமுந்திரிகை பயிரிட்டு வருகின்றனர். பழத்தை உலர்த்தி ஷாக்கெத்ரா என்னும் இனிய மதுவும் வடிப்பர். முன்னாளில் தோளிலும் தலையிலும் இறங்கிய குலைகள் இன்று ஒற்றைத் தண்டவாளத்திலோடும் சிறு வண்டியில் இறங்குகின்றன. அன்று அது கடகடவென்று எம்மைக் கடந்து சென்றது.

சற்று மேலே, இடிந்த சுவரொன்றை முதியவரொருவர் தனியே அடுக்கிக்கொண்டிருந்தார். உதவும் எண்ணத்தோடு ஒரு கல்லை எடுத்து நீட்டினோம். வாங்கினார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், புன்னகையுடன் கீழே வைத்துவிட்டு வேறொன்றைத் தாமே தெரிந்தெடுத்தார். மகன் லா ஸ்பெஸியா நகரிற் பணிபுரிகிறாராம். விடுமுறைக்கு வந்தால் கைகொடுப்பாராம். "வந்தால்" என்பதை அவர் இருமுறை சொன்னார்.

வொலாஸ்திராவைக் கடந்ததும் பாதை சமமாகிறது. இடப்புறம் ஆழத்திலே நீலக் கடல், வலப்புறம் முந்திரிகை. ஆயினும் இடையிடையே முட்புதர் மூடிய அடுக்குகளைக் கண்டோம். உழவர் நகரங்களுக்குப் பெயர்ந்தபின் கைவிடப்பட்டவை அவை. சுவர் வயிறு புடைத்து நிற்கிறது; சிலவிடத்துச் சரிந்தே கிடக்கிறது.

கோர்னீலியாவுக்கு அப்பாலுள்ள வெர்னாத்சாவிலே, 2011 ஒக்டோபர் 25ஆம் நாள் பெய்த பெருமழையில், மலைச்சேறும் கல்லும் தெருவெங்கும் நிறைந்தன, மூவர் உயிரிழந்தனர். மழை அளவு மீறியதுதான். ஆனால் கைவிடப்பட்ட அடுக்குகளில் நிலம் மிகுதியாகச் சரிந்ததை ஆய்வாளர் பின்னர் எடுத்துக்காட்டினர். 1997இல் இப்பகுதி யுனெஸ்கோவின் உலக மரபுரிமையாயிற்று. 1999இல் தேசியப் பூங்காவுமாயிற்று. சாந்தின்றிக் கல்லடுக்கும் கலையையும் 2018இல் யுனெஸ்கோ தன் பட்டியலிற் சேர்த்தது. பட்டங்களுக்குக் குறைவில்லை, கல் தூக்குவதற்குத்தான் ஆள் வேண்டும்.

ஐந்து ஊர்களுள் கடலைத் தொடாதது கோர்னீலியா ஒன்றே. பாறைமேலமர்ந்த அவ்வூரின் ஒடுங்கிய தெருவில் எலுமிச்சைச் சாறு அருந்திக் களைப்பாறினோம். புகையிரத நிலையமோ கீழே. இடையில் ஏறத்தாழ 380 படிகள்! காலையில் நெஞ்சு முறையிட்டது. மாலையில் முழங்கால்கள் முறையிட்டன.

மேடையில் நின்று மலையை அண்ணாந்து பார்த்தோம். முதியவரின் சுவர் எதுவென்று இனங்காண முடியவில்லை. எல்லா அடுக்குகளும் தூரத்தில் ஒரே கோடுகளாகத் தெரிந்தன. புகையிரதம் வந்துவிட்டது.