விளக்கொளியில் விடுபட்ட முகம்

புறக்கோட்டையில் விடியுமுன் மூட்டை சுமக்கும் நாட்டாமைமாரைப் படம்பிடிக்கச் சென்றோம். 400 வேகமுள்ள கறுப்பு வெள்ளைப் பிலிமை 1600 எனக் கொண்டு, உரிய ஒளியில் காற்பங்கே கொடுத்தோம். குறையைக் கழுவுகையில் ஈடுசெய்யலாம் என்பது எமது துணிபு. குழாய்நீரைப் பனிக்கட்டியிட்டு 20 பாகைக்குக் குளிர்வித்து, டெவலப்பரில் நேரத்தை நீட்டினோம்.

நெகட்டிவில் கடைவிளக்கும் பெயர்ப்பலகையும் கன்னங்கரேலெனத் திரண்டிருந்தன. சுமந்தவரின் முகமிருக்க வேண்டிய இடமோ வெறுங் கண்ணாடி! போதிய ஒளி படாத இடத்தில் எந்த மருந்தும் வெள்ளியை விளைவிக்காது. நேரம் நீள நீள, முதலாளியின் பலகைதான் மேலும் தடித்தது. (இதில் அரசியல் காண்போர் காணட்டும்.)

மறுவாரம் ஒளியை அம்முகத்திலேயே அளந்து, ஷட்டரின் வேகத்தைக் குறைத்தோம். கைவண்டி கலங்கியது, பலகையின் எழுத்துக்கள் வெளிறி மறைந்தன. படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

"மகளுக்கும் ஒண்டு அனுப்ப வேணும், தம்பி" என்றார்.