அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டை மகள்களும் ஏன் படிக்க வேண்டும்?

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு புராஸ்டேட் புற்றுநோய் என்று 2025 மே மாதம் அறிவித்தார்கள். தெரிய வந்தபோதே எலும்புவரை பரவியிருந்தது. ஆனால், இதே நோய்க்கு இன்னொரு முகமும் உண்டு. பிரிட்டனில், நோய் சுரப்பியைத் தாண்டாத 1,643 ஆண்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவை சிகிச்சை, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, இன்னொரு பிரிவுக்குக் கண்காணிப்பு மட்டும் என்று 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. மூன்று பிரிவிலுமே இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு சுமார் 3 பேர்தான்!

ஒருவருக்கு ஆமை வேகம், இன்னொருவருக்குக் காட்டுத்தீ. ஏன் இந்த வித்தியாசம்?

செல்லுக்குள் ஆக்ஸிலரேட்டரும் உண்டு, பிரேக்கும் உண்டு. பிரேக் பிடிக்கும் மரபணுக்களில் ஒன்று பி.டி.இ.என். 1997-ல் கண்டுபிடிக்கப்பட்டது. ‘வளர், பெருகு’ என்று செல்லுக்குள் ஓடும் சிக்னலை அடக்கி வைப்பது இதன் வேலை. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என நமக்கு இரண்டு பிரதிகள் இருக்கின்றன. புராஸ்டேட் செல்லில் இரண்டும் போய்விட்டால், தடுக்க ஆளில்லை. அறுவை சிகிச்சையில் எடுக்கும் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த இழப்பு இருக்கிறது. பரவி, சிகிச்சைக்கும் அடங்காத கட்டிகளில் அது கிட்டத்தட்ட பாதி. கூடவே டி.பி-53, ஆர்.பி-1 என்ற மற்ற பிரேக்குகளும் போனால், ஆண் ஹார்மோனைக் குறைக்கும் வழக்கமான சிகிச்சைக்குக்கூட நோய் சரியாகப் பணியாது.

ரிப்போர்ட்டில் எல்லோரும் முதலில் தேடுவது கிளீசன் மதிப்பெண்ணைத்தான். செல்கள் மைக்ராஸ்கோப்பில் எவ்வளவு உருக்குலைந்து தெரிகின்றன என்று சொல்லும் கணக்கு அது. 1960-களிலிருந்து இருக்கிறது, இன்றும் முக்கியம்தான். ஆனால், ஒரே மதிப்பெண் வாங்கிய இருவரில் ஒருவருக்கு பி.டி.இ.என் போயிருந்தால், அவருக்கு நோய் வேகமெடுக்கும் வாய்ப்பு கூடுதல். எடுத்த சதைத் துணுக்கிலேயே சாயமேற்றி இதைப் பார்க்க முடியும். ‘கேன்சரா, இல்லையா’ என்று கேட்கும் அதே மூச்சில் ‘என்ன மாதிரி கேன்சர்’ என்றும் டாக்டரிடம் கேட்கலாம். தப்பே இல்லை.

இங்கே ஒரு குழப்பம் வரும். பி.டி.இ.என் இழப்பு பெரும்பாலும் கட்டிக்குள் மட்டும் நடப்பது, பிள்ளைகளுக்குப் போகாது. பி.ஆர்.சி.ஏ-2 கதை வேறு. உடைந்த டி.என்.ஏ-வைச் சரிசெய்யும் மரபணு இது. பழுதான பிரதியோடு பிறந்த ஆணுக்கு புராஸ்டேட் புற்றுநோய் வந்தால், அது இளவயதிலும் மூர்க்கமாகவும் வரும் வாய்ப்பு அதிகம். 2016-ல் வெளியான ஆய்வு ஒன்றில், நோய் பரவிய 692 ஆண்களில் 82 பேருக்கு இப்படிப் பரம்பரையாக வந்த, டி.என்.ஏ-வைச் சரிசெய்யும் மரபணுப் பழுது இருந்தது. அதில் முதலிடம் பி.ஆர்.சி.ஏ-2. பெண்களுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோயைக் கொண்டுவரும் அதே மரபணு!

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். வயது 66. முதுகு வலி என்று போனவருக்கு, புராஸ்டேட்டிலிருந்து முதுகெலும்புக்குப் பரவியது தெரிந்தது. “சார், குடும்பத்துல யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்துச்சா?” என்று டாக்டர் கேட்டார். ஆசிரியருக்குக் கேள்வியே புரியவில்லை. தன் வியாதிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? “அப்படி யாரும் இல்லீங்க” என்றார்.

பக்கத்தில் நின்ற மூத்த மகளுக்கு அத்தை ஞாபகம் வந்தது. 41 வயதில் போனவர். ‘கட்டி வந்து போயிட்டா’ என்பதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. எங்கே கட்டி என்று அண்ணன்களிடம்கூடச் சொல்லவில்லை. ஆசிரியரும் லேசுப்பட்டவரில்லை, ராத்திரியில் ஐந்து முறை எழுந்து போவதை இரண்டு வருடம் மனைவியிடம்கூட மறைத்தவர். பெண்ணின் மார்பையும் ஆணின் சிறுநீரையும் பற்றிப் பேசாமலிருப்பதுதான் மரியாதை என்று வளர்ந்த குடும்பம். மரபணுவுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது.

அன்று இரவே பெரியம்மாவுக்கு போன் போட்டாள். “மார்லதான்டி கட்டி. அப்போ யாரு அதையெல்லாம் வெளியே சொன்னா?” என்றார் பெரியம்மா.

ஆசிரியருக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். பி.ஆர்.சி.ஏ-2 பழுது இருந்தது. அவருக்கு இதில் ஒரு வழி திறந்தது. இந்த வகைப் பழுது இருந்து, ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காமல் போனால் கொடுக்க ஓலாபரிப் என்ற மாத்திரை இருக்கிறது. 2020-ல் அமெரிக்கா அதை புராஸ்டேட் புற்றுநோய்க்கு அனுமதித்தது. விலைதான் கழுத்தை நெரிக்கும்.

பிள்ளைகளுக்கு? ஆணோ பெண்ணோ, ஒவ்வொருவருக்கும் அந்தப் பழுது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்திருந்தால் புற்றுநோய் நிச்சயம் என்று அர்த்தமில்லை. மார்பக எம்.ஆர்.ஐ போன்ற சோதனைகளை சீக்கிரமே தொடங்கலாம். ஆண் பிள்ளைக்கு 40 வயதிலிருந்தே பி.எஸ்.ஏ ரத்தப் பரிசோதனையை ஆரம்பிக்கச் சொல்வார்கள்.

மூத்தவள் உடனே தயார். “சின்னவளுக்கு இப்போ வேண்டாம். மாப்பிள்ளை பார்த்துட்டு இருக்கோம், விஷயம் வெளியே போனா யாரு கட்டுவா?” என்றான் அண்ணன். அம்மா அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. அவன் கேட்டதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஊர் அப்படித்தான் இருக்கிறது. அதற்காக 26 வயதுப் பெண்ணின் உடம்பைப் பற்றி அவளைத் தவிர மற்ற எல்லோரும் முடிவெடுப்பதா?

சின்னவளே கூடத்துக்கு வந்தாள். “எனக்குத் தெரிஞ்சாகணும்க்கா. கட்டிக்கப் போறவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

செவ்வாய்க்கிழமை ரத்தம் கொடுக்கப் போவதாகப் பேசிக்கொண்டார்கள். “செவ்வாய் வேண்டாம், புதன்கிழமை போங்க. நானும் வர்றேன்” என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.